காலித் தேதி, நல் (NULL), 0000-00-00: டேட்டாபேஸ் மாற்றும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டம், களியக்காவிளை, எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் ரப்பர் கடைகள், நகைக்கடன் சங்கங்கள், கிளினிக்குகள் எல்லாம் பழைய ஃபாக்ஸ்ப்ரோ, ஆக்சஸ் டேட்டாபேஸ்களை விட்டு மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூஎல் சர்வர் போன்ற டேட்டாபேஸ்கள் பக்கம் வந்துகொண்டிருக்கிறார்கள். அந்த வேலை செய்யும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் பெரும்பாலானவை தேதியைப் பற்றியவை, அதிலும் போடாமல் விட்ட தேதியைப் பற்றியவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக போனில் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே சேர்த்து எழுதுகிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணே, நல்-னு சொன்னாலும் காலின்னு சொன்னாலும் ஒண்ணுதானே?

இல்லை. நல் என்றால் அங்கே மதிப்பே கிடையாது. காலி சரம் (எம்ப்டி ஸ்ட்ரிங்) என்றால் மதிப்பு உண்டு, அதில் எழுத்து ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். பெயர் ஃபீல்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தாலும் பெரிய சேதம் வராது. தேதி ஃபீல்டு அப்படி இல்லை, அதற்குள் காலி சரம் போகவே முடியாது, அதனால் நீங்கள் காலியைக் கொடுத்தால் டேட்டாபேஸ் ஒன்று மறுக்க வேண்டும், இல்லை தனக்குத் தோன்றியதாக மாற்ற வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். எஸ்கியூஎல் சர்வர் சத்தமில்லாமல் 01-01-1900 என்று போட்டுக்கொள்ளும். மைஎஸ்கியூஎல் தளர்வான முறையில் ஓடினால் 0000-00-00 ஆக்கும், கண்டிப்பான முறையில் எர்ரர் தரும். ஆரக்கிளுக்கு காலி சரமே நல்தான், அதனால் அங்கே நல்-ஆகப் போய்விடும். எஸ்கியூஎல்லைட்டில் தேதிக்கென்று தனி வகையே கிடையாது, நீங்கள் கொடுத்த காலி சரம் அப்படியே உட்கார்ந்திருக்கும். இனி வரும் பதில்கள் எல்லாம் இந்த வித்தியாசத்தில்தான் நிற்கின்றன, அதனால் இதை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள்.

ஃபாக்ஸ்ப்ரோ ஃபைலில் தேதி காலியாத்தான் கெடக்கு. புதுசுல 30-12-1899-ன்னு வருகு. யாரு போட்டது?

யாரும் போடவில்லை. ஃபாக்ஸ்ப்ரோவின் பழைய டிபிஎஃப் ஃபைலில் தேதி என்பது எட்டு எழுத்து: வருஷம் நான்கு, மாதம் இரண்டு, நாள் இரண்டு. நிரப்பாத தேதி என்றால் அங்கே எட்டு இடைவெளி இருக்கும். நல் இல்லை, பூஜ்யமும் இல்லை, வெறும் எட்டு ஸ்பேஸ். நடுவில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் டிரைவர் இதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது. ஆக்சஸ் உட்பட அந்தக் குடும்பத்தில் தேதி என்பது உள்ளே ஒரு எண், அந்த எண் பூஜ்யமானால் நாள் 30-12-1899.

ஏன் இப்படி ஒரு விநோத நாள் என்றும் எல்லோரும் கேட்பார்கள். 1900 லீப் வருஷம் இல்லை, ஆனால் லோட்டஸ் 1-2-3 அதை லீப் வருஷமாகக் கணக்கு வைத்தது, எக்செலும் அதற்கு ஒத்துப்போக 29-02-1900 என்ற இல்லாத நாளை வைத்துக்கொண்டது. ஆக்சஸ் பக்கம் அந்தப் பொய் நாளைச் சேர்க்காமல் தொடக்கத்தை ஒரு நாள் முன்னால் நகர்த்திவிட்டார்கள், 1900 மார்ச் 1 முதல் இரண்டிலும் எண் ஒத்துவரும்.

எனக்கு 01-01-1970-ன்னு வருது, அதுவும் காலையில் 5:30 மணி. இது வேற வியாதியா?

வியாதி ஒன்றுதான், கிருமி வேறு. யுனிக்ஸ் கணக்கில் பூஜ்யம் என்பது 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு. நம் நேரத்தில் அது காலை 5:30. அந்த 5:30-ஐப் பார்த்தாலே நடுவில் ஏதோ ஒரு புரோகிராம் நல்-ஐப் பூஜ்யமாக்கியிருக்கிறது என்று முடிவுகட்டலாம்.

மற்ற கைரேகைகளையும் சொல்லிவிடுகிறேன், குற்றவாளியைப் பிடிக்க உதவும். 01-01-1900 என்றால் எஸ்கியூஎல் சர்வரில் காலி சரம் நுழைந்திருக்கிறது. 00-01-1900 என்று நாளே பூஜ்யமாக இருந்தால் எக்செலில் காலி செல்லைக் காட்டும் ஃபார்முலா. 01-01-0001 என்றால் பெரும்பாலும் டாட்நெட்டின் ஆகக்குறைந்த தேதி. 01-01-1753 என்றால் எஸ்கியூஎல் சர்வரின் பழைய டேட்டைம் வகை அதற்கு முந்தைய தேதியை ஏற்காது என்பதால் யாரோ அந்த எல்லையையே "தேதி இல்லை" என்பதற்கு அடையாளமாக வைத்திருக்கிறார். வருஷம் மைனஸில், நவம்பர் 30 என்று வந்தால் மைஎஸ்கியூஎல்லின் 0000-00-00-ஐ பிஹெச்பி புரோகிராம் ஒன்று படித்திருக்கிறது: மாதம் பூஜ்யம் என்றால் முந்தின டிசம்பர், நாள் பூஜ்யம் என்றால் அதற்கும் முந்தின நாள்.

மைஎஸ்கியூஎல்லில் 0000-00-00 இத்தனை வருஷம் ஓடிச்சே, சர்வர் மாத்தினதும் ஏன் எர்ரர்?

5.7 பதிப்பிலிருந்து கண்டிப்பான முறையும் பூஜ்யத் தேதித் தடையும் தானாகவே ஆன் ஆகி வருகின்றன. அதற்கு முன் 0000-00-00 மட்டுமல்ல, 2010-05-00 மாதிரி நாள் தெரியாத தேதியைக்கூட அது வாங்கிக்கொள்ளும். நெட்டில் தேடினால் எஸ்கியூஎல் மோடை (இந்தத் தடைகளை ஆன் செய்யும் செட்டிங்) காலியாக்கு என்று ஒரு வரி வைத்தியம் கிடைக்கும், அதை சர்வர் முழுக்கச் செய்யாதீர்கள். தேதியோடு சேர்த்து, நீளம் மீறிய எழுத்தை வெட்டிப்போடுவது, எல்லை மீறிய எண்ணைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுவது எல்லாம் திரும்ப வந்துவிடும்.

சுத்தம் செய்யும் அந்த ஒரு செஷனில் மட்டும் தளர்த்துங்கள். முதலில் ஃபீல்டு நல்-ஐ ஏற்கும்படி மாற்றி, டீஃபால்டாக எழுதிவைத்த 0000-00-00-ஐ எடுத்துவிட்டு, அப்புறம் பூஜ்யத் தேதிகளை நல் ஆக்குங்கள். வரிசையை மாற்றினால் மறுபடி எர்ரர்தான். இதில் ஒரு பொறி உண்டு: நல் கூடாது என்று அறிவித்த தேதி ஃபீல்டில் "இஸ் நல்" என்று தேடினால் மைஎஸ்கியூஎல் 0000-00-00 இருக்கும் வரிகளைக் கொண்டுவந்து தரும். ஓடிபிசி என்ற இணைப்பு வழியாக வரும் பழைய புரோகிராம்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. அதைப் பார்த்து "நல்-ஆகத்தானே இருக்கு" என்று நினைத்துவிடாதீர்கள், அதே குவெரி இன்னொரு டேட்டாபேஸில் வேறு விடை தரும்.

போஸ்ட்கிரெஸுக்கு சிஎஸ்வி வழியா கொண்டுபோகப் பார்த்தேன், முதல் காலித் தேதியிலேயே நின்னுடுது. ஃபைலில் ரெண்டு கமா நடுவுல ஒண்ணும் இல்லையே?

சிஎஸ்வி என்பது கமாவால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்தான், அதை நோட்பேடில் திறந்து பாருங்கள், கமாக்களுக்கு நடுவில் இரட்டை மேற்கோள் இருக்கும். போஸ்ட்கிரெஸின் காப்பி கட்டளைக்கு மேற்கோள் இல்லாத காலி என்றால் நல், மேற்கோளுக்குள் இருக்கும் காலி என்றால் காலி சரம். ஏற்றுமதி செய்த மென்பொருள் எல்லா ஃபீல்டுக்கும் மேற்கோள் போட்டிருந்தால் தேதி அடிபடும். அந்த ஃபீல்டுகளுக்கு மட்டும் "ஃபோர்ஸ் நல்" என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் மேற்கோளோடு இருப்பதையும் நல்-ஆக எடுத்துக்கொள்ளும்.

நான் அதைக்கூட நம்பி இறங்குவதில்லை. எல்லா ஃபீல்டும் டெக்ஸ்டாக இருக்கும் ஒரு தற்காலிக டேபிளில் (ஸ்டேஜிங் டேபிள்) ஃபைலை அப்படியே கொட்டிவிடுவேன், எதையும் மாற்றாமல். அங்கிருந்து உண்மையான டேபிளுக்கு எடுக்கும்போது ஓரத்து இடைவெளிகளை டிரிம் செய்து, மிச்சம் காலி என்றால் "நல்இஃப்" ஃபங்ஷனால் நல் ஆக்கி, அதற்கப்புறம் தேதியாக மாற்றுவேன். டிரிம்மை விட்டுவிட்டால் ஃபாக்ஸ்ப்ரோவின் அந்த எட்டு இடைவெளி காலிக்குச் சமமாகாது, எர்ரர் தொடரும். ஸ்டேஜிங்கில் பார்த்தால்தான் யாரோ தேதிக்குள் "நாளை" என்றும் "தரலை" என்றும் தட்டிவைத்திருப்பதும் தெரியும். மைஎஸ்கியூஎல்லிலிருந்து நேராகப் போகிறவர்கள் பிஜிலோடர் என்ற கருவியைப் பயன்படுத்தலாம், அது பூஜ்யத் தேதியை நல் ஆக்கும் விதியோடுதான் வருகிறது.

எஸ்கியூஎல் சர்வர் எர்ரரே காட்டலை, எல்லாம் ஏறிடுச்சு. அது நல்லதுதானே சார்?

எனக்கு இந்தக் கேள்விதான் வயிற்றைக் கலக்கும். நகைக்கடன் டேபிளில் முடிந்த தேதி காலியாக இருந்தால் நகை இன்னும் பெட்டகத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காலி 01-01-1900 ஆகிவிட்டால், "முடிந்த தேதி இல்லாத கடன்களைக் காட்டு" என்ற ரிப்போர்ட் வெறுமையாக வரும், நிலுவையில் ஒரு கடனும் இல்லை என்று மென்பொருள் சொல்லும். பிறந்த தேதி காலியாக இருந்த உறுப்பினர் எல்லோருக்கும் வயது 120-ஐத் தாண்டும், மூத்த குடிமகனுக்கான கூடுதல் வட்டி டெபாசிட்டில் தானாக ஏறும். கடைசி வட்டி கட்டிய தேதி காலியாக இருந்தவருக்கு 125 வருஷத்துக்கு மேலான வட்டி நிற்கும், அது மட்டும் உடனே கண்ணில் படும், அவர் கவுண்டரில் வந்து சத்தம் போடுவார்.

எர்ரர் காட்டும் டேட்டாபேஸ் உங்களை அன்றைக்கு ராத்திரி தூங்கவிடாது, காட்டாதது ஆடிட் வரும்போது தூங்கவிடாது. அதனால் எஸ்கியூஎல் சர்வருக்கும் மேலே சொன்ன ஸ்டேஜிங் வழிதான். ஃபைலிலிருந்து பல்க் இன்சர்ட் கட்டளையால் ஏற்றினால் காலி நல்-ஆகத்தான் போகும், ஆனால் அந்த ஃபீல்டுக்கு டீஃபால்ட் மதிப்பு வைத்திருந்தால் அது போய் உட்காரும், "கீப் நல்ஸ்" சொன்னால்தான் நல் நிற்கும். டீஃபால்டாக இன்றைய தேதி வைத்திருக்கும் டேபிள்களில் இதைக் கவனியுங்கள்.

மேனேஜர் காலியா இருக்கிற இடத்துல எல்லாம் 01-01-2000 போடச் சொல்லுகாரு. போட்டுடவா?

போடாதீர்கள். போட்ட மறுநாள் உண்மையாகவே 01-01-2000 அன்று சேர்ந்தவரையும் தேதி தெரியாதவரையும் பிரிக்க வழி இருக்காது. நல்-ஐ எப்போது வேண்டுமானாலும் தேதியாக்கலாம், பொய்த் தேதியைத் திரும்ப நல் ஆக்க முடியாது. மேனேஜருக்கு ஸ்கிரீனில் காலியாகத் தெரிவதுதான் பிரச்சினை என்றால் காட்டும் இடத்தில் "தேதி இல்லை" என்று எழுதிக் காட்டுங்கள், டேபிளைத் தொடாதீர்கள்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். நம் பக்கத்து வயதானவர்கள் பலருக்கு சர்ட்டிஃபிகேட்டில் இருப்பது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் கணக்குப் பார்த்து எழுதிய தேதி, அதனால் மே மாதம் பிறந்தவர்கள் டேட்டாவில் நிறையவே இருப்பார்கள். அது உண்மையான பிறந்த நாளோ இல்லையோ, சர்ட்டிஃபிகேட்டில் இருக்கிற தேதி. அதைச் சந்தேகப்பட்டு நல் ஆக்குவது நம் வேலை இல்லை.

சரி, காலின்னா என்ன அர்த்தம்னு எனக்கு எப்படித் தெரியும்?

உங்களுக்குத் தெரியாது, கவுண்டரில் இருப்பவருக்குத்தான் தெரியும். இன்னும் நடக்கவில்லை, நடந்தது ஆனால் நாள் தெரியாது, இவருக்கு இது பொருந்தவே பொருந்தாது, தட்ட மறந்துவிட்டார்கள் என்று காலிக்குப் பல அர்த்தம் இருக்கலாம். ரப்பர் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கும்போது பணம் கொடுத்த தேதி என்று ஒரு ஃபீல்டு இருக்கும். ஒரு கடையில் அது காலி என்றால் பாக்கி நிற்கிறது என்று பொருள். பக்கத்துக் கடையில் கையோடு ரொக்கம் கொடுத்துவிட்டால் அந்த ஃபீல்டை யாரும் தொடமாட்டார்கள், அங்கே காலி என்றால் கணக்கு அன்றே தீர்ந்தது. மென்பொருள் ஒன்றுதான், காலியின் அர்த்தம் நேர் எதிர்.

ஆகவே சுத்தம் செய்யும் ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு முன் ஒவ்வொரு தேதி ஃபீல்டையும் ஒரு தாளில் எழுதி, காலியாக இருக்கும் நாலைந்து பில்லை எடுத்துப்போய் அங்கே வேலை செய்கிறவரிடமே காட்டிக் கேளுங்கள். முதலாளியிடம் கேட்டால் "எல்லாம் தேதி போட்டுத்தான் வச்சிருக்கோம்" என்பார். அர்த்தம் தெரிந்தபின் புதிய டேபிளில் நிலை என்று தனி ஃபீல்டு வைத்து அதில் எழுதுங்கள். தேதி நல்-ஆகவே இருக்கட்டும்.

நல் ஆக்கின பிறகு ரிப்போர்ட்டில் பாதி ஆளைக் காணோம். நல்-ஐ சமம்னு போட்டுத் தேடினாலும் ஒண்ணும் வரலை.

நல் எதற்கும் சமம் இல்லை, இன்னொரு நல்-க்கும் சமம் இல்லை. சமம் என்று போட்டால் விடை ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது, தெரியாது என்று வரும், அப்படித் தெரியாது என்று வந்த வரியை குவெரி காட்டாது. "இஸ் நல்" என்றுதான் கேட்க வேண்டும். அதே காரணத்தால் "முடிந்த தேதி 31-03-2024 இல்லாதவை" என்று கேட்டாலும் நல் இருக்கும் வரிகள் வராது, "அல்லது நல்" என்று சேர்த்தால்தான் வரும். "நாட் இன்" போட்டு உள்ளே ஒரு குவெரி வைத்து, அதில் ஒரே ஒரு நல் வந்தாலும் மொத்த விடையும் காலியாகிவிடும்.

வரிசையும் மாறும். ஏறுவரிசையில் மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர், எஸ்கியூஎல்லைட் மூன்றும் நல்-ஐ முதலில் காட்டும், ஆரக்கிளும் போஸ்ட்கிரெஸும் கடைசியில் காட்டும். பின்னவை இரண்டிலும் "நல்ஸ் ஃபர்ஸ்ட்" என்று எழுதி மாற்றிக்கொள்ளலாம்.

ஆரக்கிளில் இருந்து போஸ்ட்கிரெஸ் போறோம், ரெண்டும் ஒரே மாதிரின்னு சொன்னாங்களே?

நல் வரிசைப்படுத்துவதில் ஒரே மாதிரி, மற்றபடி பார்த்து நடக்க வேண்டும். ஆரக்கிளின் டேட் வகைக்குள் மணி, நிமிஷம், விநாடி எல்லாம் உண்டு. அதை போஸ்ட்கிரெஸின் டேட் வகையில் போட்டால் நேரம் மொத்தமாகப் போய்விடும், டைம்ஸ்டாம்ப் வகையில் போடுங்கள். இரண்டு தேதியில் பெரியதை எடுக்கும் "கிரேட்டஸ்ட்" ஆரக்கிளில் ஒன்று நல் என்றால் நல்தான் தரும், போஸ்ட்கிரெஸ் நல்-ஐ ஒதுக்கிவிட்டு மீதியில் பெரியதைத் தரும். எர்ரர் வராது, விடை மட்டும் மாறும்.

முடிவு தேதி இல்லாத குத்தகைக்கு 31-12-9999 போட்டு வச்சிருக்கு. அதையும் நல் ஆக்கணுமா?

இதில் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. "தெரியாது" என்பதும் "முடிவே கிடையாது" என்பதும் வேறு வேறு, 9999 இரண்டாவதைத்தான் சொல்கிறது, "இந்தத் தேதிக்குள் இருக்கிறதா" என்று தேடுவதும் சுலபம். போஸ்ட்கிரெஸ் போகிறீர்கள் என்றால் அங்கே "இன்ஃபினிட்டி" என்றே ஒரு தேதி மதிப்பு உண்டு. ஆனால் சேரும் இடத்தின் எல்லையைப் பாருங்கள்: மைஎஸ்கியூஎல்லின் டைம்ஸ்டாம்ப் 2038 ஜனவரி 19-ஓடு முடிகிறது, எஸ்கியூஎல் சர்வரின் ஸ்மால்டேட்டைம் 2079 ஜூன் 6-ஓடு முடிகிறது. 9999-இன் கடைசி நாளோடு ஒரு நாளைக் கூட்டும் குவெரி எங்காவது இருந்தால் அதுவும் விழும்.

ஆவணங்களை ஏத்தின டேபிளில் வருஷம் 1100, 1098-ன்னு எல்லாம் கெடக்கு. குப்பைதானே மக்கா, நல் ஆக்கிடலாமா?

தொடாதீர்கள், அது கொல்லம் ஆண்டு, மலையாள ஆண்டுக்கணக்கு! கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தவை, பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். ஆவணத்தைப் பார்த்துத் தட்டியவர் உள்ளதை உள்ளபடி தட்டியிருக்கிறார். 1900-க்கு முந்தைய வருஷமெல்லாம் நல் ஆகட்டும் என்று பொதுவாக எழுதும் சுத்திகரிப்பு ஸ்கிரிப்டுகள் முதலில் கொல்வது இவற்றைத்தான். மைஎஸ்கியூஎல்லும் போஸ்ட்கிரெஸும் 1100-ஐ எந்தக் கேள்வியும் இல்லாமல் ஏற்கும். எஸ்கியூஎல் சர்வரின் பழைய டேட்டைம் 1753 எல்லையால் மறுக்கும், அதைப் பார்த்துத்தான் பலர் குப்பை என்று முடிவுகட்டுகிறார்கள்.

கொல்லம் ஆண்டு சிங்ஙத்தில், அதாவது நம் ஆவணியில், ஆகஸ்ட் நடுவில் பிறக்கும். அங்கிருந்து டிசம்பர் முடிய 824-ஐக் கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து அடுத்த ஆவணி வரை 825-ஐ. 1100 என்றால் 1924 ஆகஸ்டிலிருந்து 1925 ஆகஸ்ட் வரை. மாதமும் மலையாள மாதமாக இருந்தால் சரியான நாளுக்குப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டும், சும்மா கூட்டினால் வராது. நான் செய்வது: ஆவணத்தில் இருந்தது இருந்தபடி டெக்ஸ்ட் ஃபீல்டில், மாற்றிய தேதி தனி தேதி ஃபீல்டில், மாற்ற முடியாததற்கு அந்தத் தேதி நல்.

எல்லாம் சரியா வந்துச்சான்னு எப்படிப் பார்க்க?

பழையதிலும் புதியதிலும் ஒவ்வொரு தேதி ஃபீல்டுக்கும் மொத்த வரிகள், தேதி உள்ள வரிகள், ஆகச்சிறிய தேதி, ஆகப்பெரிய தேதி எடுத்து ஒப்பிடுங்கள். ஃபீல்டின் பெயரைச் சொல்லி கவுண்ட் எடுத்தால் நல்-ஐ எண்ணாது, நட்சத்திரம் போட்டு எடுத்தால் எண்ணும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நல்-களின் எண்ணிக்கை. பழைய பக்கம் காலி, பூஜ்யம் எல்லாவற்றையும் கூட்டினால் அந்த எண் வர வேண்டும்.

அதைவிட எனக்குப் பிடித்தது, தேதிவாரியாக குரூப் செய்து அதிகம் வரும் பத்துத் தேதிகளைப் பார்ப்பது. மூன்றாம் கேள்வியில் சொன்ன கைரேகைகள் தலையைக் காட்டும். ஏப்ரல் 1 அதிகமாக வந்தால் பயப்படாதீர்கள், நிதியாண்டு தொடங்கும்போது ஓப்பனிங் பேலன்ஸ் போட்டிருப்பார்கள். எல்லாப் பிறந்த தேதியும் ஒரு நாள் பின்னால் போயிருந்தால் நல் பிரச்சினை இல்லை: நள்ளிரவு என்று சேமித்ததை யாரோ கிரீன்விச் நேரத்துக்கு மாற்றி முந்தின நாள் மாலை 6:30 ஆக்கியிருக்கிறார்கள்.

பழைய புரோகிராமும் புதுசும் கொஞ்ச மாசம் சேர்ந்தே ஓடணும். பழசு நல்-ஐப் பார்த்தா அப்படியே செத்துடும். என்ன செய்ய?

டேபிளில் நல்-ஐ வைத்துக்கொண்டு, பழைய புரோகிராமுக்கு மட்டும் ஒரு வியூ, அதாவது டேபிள்போலவே தெரியும் ஒரு குவெரி, கொடுங்கள். அந்த வியூவில் "கோலெஸ்" போட்டு நல் இருக்கும் இடத்தில் அது எதிர்பார்க்கும் போலித் தேதியைக் காட்டலாம். படிப்பதற்கு இது போதும். அதே புரோகிராம் எழுதவும் செய்தால் போலித் தேதி திரும்ப டேபிளுக்குள் வரும், அதனால் சேமிப்பதற்கு முன் ஓடும் ஒரு டிரிகர் வைத்து அந்தக் குறிப்பிட்ட தேதியை நல் ஆக்கிவிடுங்கள்.

டிரிகரை நம்பாமல் ஒரு செக் கன்ஸ்ட்ரெய்ன்டும் (தவறான மதிப்பைத் தடுக்கும் நிபந்தனை) போடலாம், உதாரணமாக கடன் தேதி சங்கம் தொடங்கிய நாளுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும் என்று. நல் அதைத் தாண்டிப் போய்விடுமே என்று பயப்படுவார்கள், ஆமாம் போகும், "தெரியாது" என்ற விடையை செக் தடுக்காது, நமக்கு வேண்டியதும் அதுதான். கடன் கொடுத்த தேதி மாதிரி கட்டாயம் இருந்தே ஆக வேண்டிய ஃபீல்டுக்கு மட்டும் "நாட் நல்"-ஐத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், முடிந்த தேதிக்கு வேண்டாம். பழைய புரோகிராமை நிறுத்திய அன்றே வியூவையும் டிரிகரையும் எடுத்துவிட வேண்டும் என்று இப்போதே எங்காவது எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர் அந்த வியூவிலிருந்தே டேட்டாவை எடுத்து இன்னொரு டேட்டாபேஸுக்குக் கொண்டுபோவார்.